சாய்ந்து பார்க்காத கதிரைகள்

நாகலெட்சுமிக்கு ஒரு பழக்கம் இருந்தது. மேசையோ அலுமாரியோ, எதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் முதலில் தரையில் குந்திவிடுவாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தலையைச் சரித்து, அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். பார்த்து முடித்த பிறகுதான் எழுந்து, வந்தவருக்கு வணக்கம் சொல்வாள். இலங்கை மலைநாட்டின் ஹட்டன் நகரத்தில், டிக்கோயா ரோட்டில் இருந்த அவளுடைய கடைக்கு முதன்முதலாக வருகிறவர்கள், இந்தப் பெண் எதையோ கீழே தொலைத்துவிட்டாள் என்று நினைத்துக் கூடவே குனிந்து தேடுவார்கள்.

கடை என்றால் கண்ணாடி பதித்த கடை இல்லை. முன்னால் 'நாகா வீட்டலங்காரம்' என்று ஒரு பெயர்ப்பலகை, பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். பலகையைப் பார்த்துவிட்டுக் கல்யாண வீட்டுக்கு வாழைமரம் கட்ட முடியுமா என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. அவள் செய்தது வேறு வேலை. தோட்டத்துப் பங்களாக்களில் கழித்துப் போட்ட சாமான்களை வாங்குவாள். கால் ஒடிந்த கட்டில், கதவில்லாத அலுமாரி, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டிய தட்டுகளின் மரச்சட்டங்கள், எது கிடைத்தாலும் விடமாட்டாள். அவற்றோடு புது இரும்பையும் கண்ணாடியையும் பளிச்சென்ற துணியையும் சேர்த்து, இன்றைய வீட்டுக்குப் பொருந்துகிற சாமானாக்கித் தருவாள். எந்தச் சுவருக்கு என்ன நிறம், எந்த மூலைக்கு எந்த விளக்கு என்பதையும் அவளே சொல்வாள். ஹட்டனில் அப்போது இந்தத் தொழிலுக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் போட்டியும் இல்லை.

அவள் பிறந்தது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ்க்கணக்கு என்கிற பிரிவில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில். அம்மா காளியாயி கொழுந்து எடுப்பவள். கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்றால் மட்டும், தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவில் சாமான் துடைக்கக் காளியாயிக்கு ஆள் வரும். பள்ளிக்கூடம் இல்லாத நாளாக இருந்தால் மகளும் ஒட்டிக்கொண்டு போவாள். இரண்டு பேரும் பழந்துணியும் எண்ணெய்ப் போத்தலுமாகத் தரையில் உட்கார்ந்து துடைப்பார்கள். தரையில் உட்கார்ந்து துடைக்கிறவர்களுக்குத் தெரிவது கதிரையின் கால்கள், குறுக்குச்சட்டம், அடிப்பலகை. அங்கே தச்சன் எங்கே ஏமாற்றியிருக்கிறான், எங்கே நேர்மையாக வேலை செய்திருக்கிறான் என்று அந்தப் பிள்ளை பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். மேலே வழவழவென்று இருக்கிற மேசைக்குக் கீழே செதுக்காத பலகையைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரும். அந்தக் கதிரைகளில் உட்காராதே என்று பங்களாவில் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

சாதாரணதரப் பரீட்சை எழுதிய கையோடு, தொண்ணூற்றொன்றாம் வருஷம், தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப் போல அவளும் கொழும்புக்குப் போனாள். அவளுடைய அதிர்ஷ்டம், வேலை கிடைத்தது ஒரு வீட்டுச் சமையலறையில் அல்ல, வெள்ளவத்தையில் வீட்டுச் சாமான் விற்கிற ஒரு கடையில். கூட்டுவதும் துடைப்பதும்தான் வேலை. ஆனால் கடைக்கார அம்மா வித்தியாசமான பிறவி. சோறு போட்டுக்கொண்டே திட்டுவார், திட்டிக்கொண்டே சோறு போடுவார். அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற புத்தகங்களை இந்தப் பெண் ஒளித்துவைத்துப் பார்ப்பதைக் கண்டதும், பிடுங்கிக்கொள்ளாமல் மாலை நேரத்தில் படம் வரையப் பழக்கும் வகுப்பு ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். கட்டணம் பற்றிக் கேட்டால் அதற்கும் திட்டினார். நாகலெட்சுமி இன்றைக்கும் புது வேலை ஒன்றைத் தொடங்கும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்வாள். சாமி கும்பிடுவது அதற்குப் பிறகுதான்.

தொண்ணூற்றேழில் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தாள். மாப்பிள்ளை செல்லசாமி தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கிறவர். தேயிலையை அடைத்து அனுப்புகிற ஒட்டுப்பலகைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்து, விளிம்பில் தகரம் வைத்து முடிப்பது அவருடைய வேலை. ஒரே அடியில் ஆணியை இறக்குகிற கை. அவருடைய கெட்டகாலம், கல்யாணமான கொஞ்ச நாளில் பெட்டி போய்க் காகிதப் பை வந்துவிட்டது. கையில் சுத்தியலோடு நின்ற மனிதரிடம் விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இவளோ அடுத்த நாளே தொழிற்சாலைக்குப் பின்னால் குவிந்து கிடந்த வெற்றுப்பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, தகர விளிம்பைக் கறுப்பாக்கி, முன்னால் கண்ணாடிக் கதவு போட்டு இரண்டு பேரும் சேர்ந்து செய்த புத்தக அலுமாரி, ஹட்டனில் ஒரு வங்கி அதிகாரியின் வீட்டு முன்னறையில் ஏறி உட்கார்ந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர் கேட்டார். பிறகு அவருடைய மைத்துனர் கேட்டார். செல்லசாமி விளக்குமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நம்முடைய கதை இரண்டாயிரத்து மூன்றில் நடக்கிறது. நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. வெள்ளைக்காரர்கள் மறுபடியும் மலையேறி வரத் தொடங்கியிருந்தார்கள். ரஜனி என்ற பெண்மணி நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலாக்காரர் தங்குகிற இடமாக மாற்றிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா தம்பிராசா மாஸ்டர் ஹட்டனில் முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவர். ஓய்வுபெற்று ஊருக்குப் போன மனிதரை, மகள் திரும்ப மலைக்கே இழுத்து வந்திருந்தாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நாள் முழுக்கக் குறைசொல்வார். ஆனால் போகச் சொன்னால் போகமாட்டார்.

அந்தப் பங்களாவில் சாப்பாட்டு மேசை மட்டும் மிஞ்சியிருந்தது. ஆறு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத மேசை என்பதால் மிஞ்சியது. கதிரைகளைத் தூக்குவது சுலபம், அதனால் அவை எப்போதோ யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன. ரஜனி முதலில் இந்த ஒரு அறையைத்தான் நாகலெட்சுமியிடம் கொடுத்தாள். மேசையைப் புதுப்பித்து, அதற்குப் பொருத்தமாகப் பன்னிரண்டு கதிரைகள் செய்ய வேண்டும். பிடித்திருந்தால் மற்ற அறைகள், வெளிவிறாந்தை, எல்லாம் அவளுக்கே. பிடிக்காவிட்டால் கொழும்பில் ஒரு கம்பனி காத்திருக்கிறது. இதை ரஜனி ஒளிவுமறைவில்லாமல் முகத்துக்கு நேரே சொன்னாள். நாகலெட்சுமிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

அவள் அந்தக் கதிரைகளுக்காகச் செலவழித்த நேரம் கொஞ்சநஞ்சமல்ல. கால்களுக்குக் கறுப்பு இரும்பு, மெல்லியதாக, நேராக. உட்காரும் பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் கொழுந்துத் தட்டுகளின் பழைய சட்டங்கள். எத்தனையோ வருஷம் தேயிலைக் காற்றுக் குடித்து நிறம் ஏறியிருந்த மரம் அது. மெழுகு போட்டுத் தேய்த்தால் உள்ளிருந்து ஒரு சிவப்பு எழும்பி வரும். ஒவ்வொன்று முடியும்போதும் அவள் தரையில் குந்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இழைக்கச் சொன்னாள். மேசையிலும் சரி கதிரையிலும் சரி, மேலே இழைத்த அளவுக்கு அடியிலும் இழைக்கச் சொன்னாள். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று செல்லசாமி வழக்கம்போலக் கேட்டார். அவள் வழக்கம்போல இழைப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

உட்கார்ந்து பார்க்காமலும் விடவில்லை. செல்லசாமி உட்கார்ந்தார். கால்களை ஒட்டித் தந்த வெல்டிங் கடைச் சின்னத்தம்பி உட்கார்ந்தார். லயத்திலிருந்து கொழுந்துக் கூடை இறக்கிவிட்டு வந்த பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்கள். காளியாயியும் உட்கார்ந்தாள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கல்லு மாதிரி நிக்குது என்று சின்னத்தம்பி தன்னுடைய வெல்டிங்கைத் தானே புகழ்ந்துகொண்டார்.

கதிரைகளைப் பங்களாவில் இறக்கி மேசையைச் சுற்றி வைத்ததும் ரஜனி மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பழைய மேசை அதன் கனத்தோடு நடுவில் நின்றது, கதிரைகள் அதைச் சுற்றி இளசுகள் மாதிரி நின்றன. அந்த அறைக்குத் திடீரென்று வயது குறைந்துவிட்டது. கடைக்கார அம்மா இதைப் பார்க்க வேண்டும் என்று நாகலெட்சுமி நினைத்தாள்.

பகல் சாப்பாட்டு நேரம். தம்பிராசா மாஸ்டர்தான் முதலில் உட்கார்ந்தார். ஆள் நல்ல பருமன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கீரையும், பிறகு தயிரும். நிதானமாகச் சாப்பிட்டு, கையைத் துடைத்து, சாப்பிட்டு முடித்த எந்த மனிதரும் விடுகிற பெருமூச்சோடு பின்னால் சாய்ந்தார்.

கதிரையும் அவரோடு சேர்ந்து சாய்ந்தது. முன்கால்கள் இரண்டும் மேலே எழும்பின. ரஜனி எட்டிப் பிடிப்பதற்குள் மாஸ்டர் கம்பளத்தில் மல்லாந்து கிடந்தார்.

அவர் உடனே எழும்பவில்லை. ரஜனி ஓடிப்போய்த் தலையைத் தாங்கினாள். செல்லசாமி கவிழ்ந்த கதிரையை விலக்கினார். மாஸ்டரின் கண்கள் திறந்துதான் இருந்தன. அவர் மேலே, மேசையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "பிள்ளை, மேசையின்ர அடிப்பக்கம் நல்ல வடிவாச் செய்திருக்கிறீர்."

அந்த அடிப்பக்கத்தைப் பாராட்டிய முதல் வாடிக்கையாளர் அவர்தான். அதற்காக அவர் விழ வேண்டியிருந்தது. நாகலெட்சுமி அழுதுகொண்டே அவரைத் தூக்கிவிட்டாள். எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கையில் மட்டும் தோல் உரசியிருந்தது. அவர் கதிரையை நிமிர்த்திவைத்து, அதைச் சுற்றி நடந்து, பின்கால்களைத் தொட்டுப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, நேரே நிற்கிற காலில் பாரம் பின்னால் போனால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியாதது வேறொன்று.

"உதில ஒருத்தரும் சாஞ்சு பாக்கேல்லையோ?" என்று கேட்டார்.

கேள்வியில் குற்றம் சொல்லும் தொனி துளிகூட இல்லை. அதுதான் நாகலெட்சுமியை அதிகமாகச் சுட்டது. ரஜனிக்கு அப்பாவின் பொறுமை கிடையாது. இரண்டு கிழமையில், பதினாலே நாளில், முதல் விருந்தாளிகள் வருகிறார்கள், அவர்களில் ஒருவர் இப்படி விழுந்தால் தன் கதை முடிந்தது என்றாள். "அதுக்கு முந்தின சனிக்கிழமையோ ஞாயிறோ சரியான கதிரை வரவேணும் நாகா. வராட்டில் நான் கொழும்புக்காரருக்குச் சொல்லிப்போடுவன். முழு வேலையையும்." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கதிரைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். பன்னிரண்டு கதிரைகளும் பின்னால் கயிற்றுக்குள் குலுங்கிக்கொண்டே வந்தன.

கொட்டகைக்கு வந்ததும் நாகலெட்சுமி ஒரு கதிரையை நடுவில் போட்டுச் செல்லசாமியை உட்காரச் சொன்னாள். அன்றைக்கு எப்படி உட்கார்ந்தாரோ அப்படி. அவர் உட்கார்ந்தார். பலகையின் முன்விளிம்பில், கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கைகளை முழங்காலில் வைத்து, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே எழும்ப வசதியாக. முதுகுக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவில் ஒரு பூனை தாராளமாகப் படுத்துறங்கலாம். சின்னத்தம்பியைக் கூப்பிட்டாள். அவரும் அப்படித்தான். ஒரு கதிரையோடு வீட்டுக்குப் போய் அம்மாவை உட்காரச் சொன்னாள். காளியாயி எல்லோரையும் விட முன்னால் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததைவிட நின்றது அதிகம் என்று சொல்லும்படி.

நாகலெட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. தோட்டத்து ஆபீசில் கூப்பிட்டு வைத்தால் பெஞ்சின் விளிம்பில் உட்காருவார்கள். மருந்து வாங்கப் போனால் மருந்துக்காரர் காம்பிராவிலும் விளிம்பில்தான். வீட்டிலோ தரை, இல்லாவிட்டால் ஒரு சிறு பலகை. கதிரை என்றாலே அது எழும்புவதற்காக உட்காருகிற இடம். பன்னிரண்டு கதிரைகளில் இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தும் ஒரு முதுகு கூடப் பலகையில் படவில்லை. அவளும் உட்கார்ந்து பார்த்தாள், வேண்டுமென்றே பின்னால் சாயப் போனாள். பாதி தூரத்தில் முதுகு நின்றுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு யாரோ வரப்போகிறார்கள் என்று உடம்பு காத்திருந்தது. கொழும்பில் ஆறு வருஷம் கதிரைகளுக்கு நடுவிலேயே இருந்தவள்தான். அங்கேயும் துடைத்தாளே தவிரச் சாயவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, பிறகு சிரிப்பாக வந்தது, பிறகு கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

கோபம் வந்தால் அவளுக்கு வேலை ஓடும். பின்கால்களை அறுத்து, வெளியே சரித்து ஒட்டச் சொன்னாள். சின்னத்தம்பி தன்னுடைய கல்லு மாதிரி வெல்டிங்கைத் தானே அறுக்க நேர்ந்ததை நினைத்து முணுமுணுத்துக்கொண்டே செய்தார். இனிக் கதிரை விழாது. ஆனால் விழாமல் இருப்பது மட்டும் போதாது, சாய்ந்தால் சுகமாக இருக்க வேண்டும். சாய்ந்தே பழகாதவர்களை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தம்பிராசா மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட அவளுக்கு முகம் இல்லை.

யோசனை செல்லசாமியுடையது என்று அவர் சொல்வார், தன்னுடையது என்று அவள் சொல்வாள். எப்படியோ, ஞாயிற்றுக்கிழமை பகலில் கொட்டகையில் டீவியும் வீடியோ டெக்கும் வைத்துப் படம் போடுவது என்று முடிவானது. சும்மா உட்காரச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எழும்பிவிடுவார்கள். மூன்று மணி நேரப் படம் என்றால் எவ்வளவு நேரந்தான் முதுகை நிமிர்த்திக்கொண்டே இருப்பார்கள்? லயத்துக்குச் சொல்லி அனுப்பினாள். கதிரைகளை வரிசையாகப் போட்டாள். அவள் மட்டும் படத்துக்கு முதுகைக் காட்டி, பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் பாட்டு வரைக்கும் எல்லோரும் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நிமிர்ந்து இருந்தார்கள். இரண்டாவது பாட்டில் ஒருத்தி மெதுவாக நழுவிக் கீழே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். இடைவேளை வந்தபோது பன்னிரண்டு பேரும் தரையில் இருந்தார்கள். கதிரைகளில் அவர்களுடைய பைகளும் குடைகளும் சௌகரியமாகச் சாய்ந்திருந்தன. செல்லசாமி, படம் சரியில்ல போல என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவள் முறைத்த முறைப்பில் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

படம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் எங்கே வலித்தது என்று கேட்டாள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாடுபட்டுச் செய்த பிள்ளையைக் குறை சொல்லக்கூடாது என்கிற மாதிரி, நல்லா இருக்கு புள்ள என்றே எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் காளியாயியிடம் கேட்டாள். ஒரு வலியும் இல்லை என்றாள் காளியாயி.

"வலிக்கிற அளவுக்கு நான் எங்க உக்காந்தேன்? காலு தரையில படல. கால் படாத எடத்துல எப்படிம்மா நம்பி உக்கார்றது?"

அம்மாவைத் திரும்பக் கதிரையில் நன்றாகப் பின்தள்ளி உட்காரவைத்துவிட்டு நாகலெட்சுமி குந்தினாள். இந்தத் தடவை அவள் பார்த்தது கதிரையின் அடிப்பக்கத்தை அல்ல, அம்மாவின் கால்களை. குதிகால் தரைக்கு மேலே தொங்கியது. பங்களாவில் துடைத்த கதிரைகளின் உயரம் அவள் கண்ணில் அப்படியே பதிந்திருந்தது. நீளக்கால் தொரைமார்களுக்குச் செய்த உயரம். அதை அவள் கொஞ்சமும் யோசிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி வெள்ளைக்காரர் என்றால் எல்லோரும் நெடியவர்களா? அவர்களில் கிழவிகள் இல்லையா, குட்டையானவர்கள் இல்லையா? அவள் எழுந்து அம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள். காளியாயி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, இவளுக்கு என்னமோ ஆயிருச்சு என்றாள்.

அந்தக் கிழமை முழுக்கக் கொட்டகையில் இரும்பு அறுக்கிற சத்தம் ஓயவில்லை. கால்களின் உயரத்தைக் குறைத்தார்கள். இருக்கையைப் பின்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்த்தினார்கள். முதுகுப் பலகையை எடுத்துவிட்டு, அதே சட்டத்துக்குள் பிரம்பு பின்னினார்கள். பலகை முதுகைத் தள்ளும், பிரம்பு விட்டுக்கொடுக்கும். பார்க்க முன்னைவிட அழகாக இருந்ததா என்றால், தரையில் குந்திப் பார்த்தால் முன்னதுதான் அழகு. நாகலெட்சுமி அதை ஒத்துக்கொள்ள இரண்டு நாள் எடுத்தது. அதன் பிறகு அவள் நின்றுகொண்டு பார்க்கப் பழகினாள். உட்கார்ந்துகொண்டும் பார்த்தாள்.

ரஜனி கேட்ட ஞாயிறு வந்தது. லொறி பின்னேரம் வரும், அதற்குள் மறுபடி ஒரு படம். இந்தத் தடவை அழுகைப் படமாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார் செல்லசாமி. அழுகிறவர்கள் அசையமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. நாகலெட்சுமி அதே இடத்தில், திரைக்கு முதுகு காட்டி நின்றாள். கதிரைகள் மறுபடியும் பைகளுக்கும் குடைகளுக்கும்தான் என்றால் இன்று லொறியில் ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. கொழும்புக்காரர் வருவார். செல்லசாமி மறுபடி விளக்குமாற்றைத் தேடிப் போக வேண்டும்.

கதாநாயகிக்கு முதல் துன்பம் வந்தபோது முன்வரிசையில் ஒருத்தியின் தோள் இறங்கியது. முதுகு பிரம்பில் பட்டது. பட்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி பட்டது, இந்தத் தடவை நிமிரவில்லை. பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். பிறகு பின்வரிசையில் இரண்டு பேர். யாருக்கும் தாங்கள் சாய்ந்துவிட்டது தெரியாது. திரையில் ஒருத்தி அழ, அதைப் பார்த்து இவர்கள் அழ, இவர்களைப் பார்த்து நாகலெட்சுமி அழுதாள். அவள் அழுதது மட்டும் சந்தோஷத்தில். விழுந்தும் கோபப்படாத தம்பிராசா மாஸ்டருக்கும், திட்டிச் சோறு போட்ட கடைக்கார அம்மாவுக்கும், எதற்கென்று தெரியாமல் மூன்று மணி நேரம் உட்கார வந்த இந்தப் பெண்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

காளியாயி மட்டும் இடைவேளை வரைக்கும் விளிம்பில்தான் இருந்தாள். மடியில் பை, பையின் மேல் கை. அம்மாவை இனி மாற்ற முடியாது என்று நாகலெட்சுமி விட்டுவிட்டாள்.

படம் முடிகிற நேரத்தில் வெளியே லொறியின் ஹோர்ன் கேட்டது. பெண்கள் எழுந்து கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கதிரையைத் தாங்களே தூக்கிக் கொண்டுபோய் ஏற்றினார்கள். நல்லா இருந்திச்சு புள்ள என்றார்கள். படத்தைச் சொல்கிறார்களா கதிரையைச் சொல்கிறார்களா என்று அவள் கேட்கவில்லை. கதிரையில் பிரம்பு பின்னியிருந்த இடம் எல்லாம் அவர்களுடைய முதுகுச் சூடு இருந்தது. டிரைவர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்று குறைகிறது என்று கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். செல்லசாமி உதட்டில் விரலை வைத்து அவரைத் தடுத்தார்.

பின்வரிசையில் கடைசிக் கதிரையில் காளியாயி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை பின்னால் சரிந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மடியிலிருந்த பை எப்போதோ தரைக்கு நழுவிவிட்டிருந்தது. உள்ளங்கால் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. முப்பது வருஷம் கூடை சுமந்த முதுகு, மேலிருந்து கீழ்வரை, பிரம்பில் ஒட்டிக் கிடந்தது.

நாகலெட்சுமி டெக்கை நிறுத்தினாள். டிரைவரைப் புறப்படச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, முன்கடைக்குப் போய் ரஜனிக்குப் போன் எடுத்தாள். அங்கே போனுக்கு வந்தது தம்பிராசா மாஸ்டர்.

"சேர், லொறி கிளம்பிருச்சு. ஆனா பதினொண்ணுதான் வருது. ஒண்ணு நாளைக்கு அனுப்புறேன்."

உடைந்துபோய்விட்டதா என்று அவர் கேட்டார்.

"இல்ல சேர். அதுல எங்கம்மா தூங்கிட்டாங்க."

மாஸ்டர், வகுப்பில் விடையைச் சரிபார்க்கிறவர் மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"சாஞ்சோ, பிள்ளை?"

"சாஞ்சுதான் சேர்" என்றாள் நாகலெட்சுமி.